திடீர் மரணமும் நுரையீரல் சொல்லும் காரணமும்

குமரி மாவட்டத்தில் மழைக்காலம் இரண்டு. ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. இரண்டிலும் சளி, காய்ச்சல் எட்டிப்பார்க்காத வீடு குறைவு. சுக்குக் காப்பி, ஒரு பாராசிட்டமால், அப்புறம் வேலைக்குக் கிளம்பிவிடுவோம். அப்படி நடமாடிக்கொண்டிருந்த ஒருவர் விடியற்காலையில் எழுந்திருக்கவில்லை என்றால், ‘அட்டாக்’ என்று ஊரே முடிவு கட்டிவிடும். பல நேரம் அது சரிதான். சிலருக்கோ காரணம் நுரையீரலில் இருக்கும்.

முதியவர்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் நிமோனியா வந்தாலும் காய்ச்சல் பெரிதாக அடிக்காமல் போகலாம். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கிக்கொண்டே வரும். மூச்சுத்திணறல் வெளியே தெரியும்போது நேரம் கடந்திருக்கும். இன்ஃபுளுயன்சா (ஃப்ளூ காய்ச்சல்) வைரஸ் மூச்சுக்குழாயின் உட்படலத்தைச் சிதைக்க, அந்தப் புண்ணில் நிமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் குடியேறுவதும் உண்டு. 1918 இன்ஃபுளுயன்சா பெருந்தொற்றில் இறந்தவர்களின் நுரையீரல் திசுக்களைப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அமெரிக்க ஆய்வாளர்கள் அவற்றை மறுபடி பரிசோதித்து 2008இல் முடிவை வெளியிட்டார்கள்: பெரும்பாலான மரணங்களுக்குப் பின்னால் இப்படி இரண்டாவதாக வந்த பாக்டீரியா நிமோனியா இருந்தது.

இதயமும் தப்புவதில்லை. வைரஸால் இதயத் தசையில் அழற்சி வந்தால் துடிப்பு தாறுமாறாகி சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். இன்ஃபுளுயன்சா உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு அபாயம் சுமார் 6 மடங்கு கூடுகிறது என்று கனடாவின் ஒன்டாரியோ மாகாண ஆய்வு ஒன்று 2018இல் காட்டியது. ஆகவே ‘அட்டாக்’ உண்மையாகவே இருந்தாலும், அதைக் கிளப்பிவிட்டது காய்ச்சலாக இருக்கலாம்.

காரணம் தெரியாத திடீர் மரணம் என்றால் போலீஸ் விசாரணை வரும்; 2024 ஜூலை முதல் அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு, முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174. உடல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற ஓர் அரசு மருத்துவமனைக்குப் பிரேதப் பரிசோதனைக்காகப் போகும்.

நல்ல நுரையீரல் அழுத்தினால் பஞ்சு மாதிரி அமுங்கும், ஒரு துண்டைத் தண்ணீரில் போட்டால் மிதக்கும். நிமோனியாவில் காற்றறைகளில் சீழ் நிறைந்து திசு கெட்டியாகிவிடும். அந்தத் துண்டு மூழ்கும். ஆனால் கனத்த, ஈரமான நுரையீரலைப் பார்த்ததும் நிமோனியா என்று எழுதிவிடக் கூடாது. இதயம் செயலிழந்தாலும், நீரில் மூழ்கினாலும், வேறு பல மரணங்களிலும் நுரையீரலில் நீர் கோக்கும். வெறும் கண்ணுக்கு ஒன்றுமே தெரியாத நுரையீரலில் நோய் ஒளிந்திருப்பதும் உண்டு, குறிப்பாகக் கைக்குழந்தைகளில். அதனால்தான் நுரையீரலின் ஒவ்வொரு மடலிலிருந்தும் இதயத்திலிருந்தும் சிறு துண்டுகளை, திசு அழுகாமல் காக்கும் ஃபார்மலின் கரைசலில் போட்டு, பிறகு மெல்லிய சீவலாக்கி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். காற்றறைகளுக்குள் நியூட்ரோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் குவிந்திருந்தால் சந்தேகம் பாக்டீரியா மேல். அறைச் சுவர்களில் லிம்ஃபோசைட் என்ற வேறு வகை வெள்ளை அணுக்கள் நிறைந்திருந்தால் வைரஸ் மேல்.

அப்புறம் கிருமியின் பெயர். மூச்சுக்குழாயிலும் நுரையீரலிலும் எடுத்த மாதிரிகளை ஃபார்மலினில் போடாமல் பிசிஆர் (கிருமியின் மரபணுவைத் தேடுவது), கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) சோதனைகளுக்கு அனுப்புவார்கள். இங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும் என்று நினைக்கிறேன். நல்ல ஆரோக்கியமான குழந்தையின் மூக்கிலும் ரைனோவைரஸ் என்ற சாதாரணச் சளி வைரஸ் இருக்கலாம். இறந்தபின் குடல் பாக்டீரியாக்கள் மற்ற உறுப்புகளுக்குப் பரவும்; நம் ஊர்ப் புழுக்கத்தில், உடலைக் குளிரில் வைக்கத் தாமதமானால் அது இன்னும் வேகமாக நடக்கும். கிருமி கிடைத்த இடத்தில் திசுவும் சேதமாகியிருந்தால்தான் அதன்மேல் பழி சொல்ல முடியும்.

இதில் குடும்பத்தாரின் பேச்சுக்கும் பெரிய மதிப்பு உண்டு. எத்தனை நாள் இருமல், சளி என்ன நிறம், என்ன மாத்திரை சாப்பிட்டார், வீட்டில் வேறு யாருக்காவது காய்ச்சலா — துக்கத்தின் நடுவே இதையெல்லாம் கேட்பது கொடுமையாகத் தோன்றும். ஆனால் எந்தச் சோதனைக்கு அனுப்புவது என்று டாக்டர் முடிவு செய்வது இதை வைத்துத்தான்.

திசு முடிவு வரப் பல வாரம் ஆகலாம். அதுவரை இறுதிக் கருத்தை நிறுத்தி வைப்பார்கள், சடங்குகளும் முடிந்துவிடும், பலர் அறிக்கையைத் திரும்பக் கேட்பதே இல்லை. தயவுசெய்து கேளுங்கள். நுரையீரலில் காசநோய் இருந்தது தெரியவந்தால், கூட வாழ்ந்தவர்களைப் பரிசோதித்துத் தடுப்பு மாத்திரை கொடுக்க அரசுத் திட்டம் இருக்கிறது. அறிக்கையோடு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகலாம்.