மூணு வரில பயாஸ் பாஸ்வேர்ட் எப்படி போகுது? டீபக் கமாண்டுக்குள்ள நடக்கறது

பழைய பென்டியம் மெஷின் ஒண்ணு கைக்கு வருது. விண்டோஸ் 98 நல்லாவே ஓடுது, ஆனா சிடில இருந்து பூட் பண்ணலாம்னு டெலீட் கீய அமுக்கி பயாஸ் (ஆன் பண்ண உடனே முதல்ல ஓடற, மதர்போர்டுலயே இருக்கற ப்ரோக்ராம்) செட்டப்புக்குள்ள போகப் பாத்தா பாஸ்வேர்ட் கேக்குது, அத வச்சவரு யாரு, இப்ப எங்க இருக்காருன்னே தெரியாது. சர்வீஸ் பண்றவங்க கிட்ட இதுக்கு ரொம்ப வருஷமா ஒரு வழி இருக்கு. டாஸ் (விண்டோஸுக்கு முந்தின, கமாண்ட் அடிச்சு ஓட்டற சிஸ்டம்) ப்ராம்ப்ட்ல டீபக்னு அடிச்சு என்டர் தட்டணும், அது டாஸோடயே வர்ற, மெமரியையும் சிப்பயும் நேரா தொடற ஒரு சின்ன ப்ரோக்ராம், ஒரு சின்ன கோடு மட்டும் வந்து நிக்கும், அதுக்குப் பக்கத்துல இந்த வரிங்கள ஒண்ணொண்ணா அடிக்கணும்:

ஓ 70 17
ஓ 71 17
க்யூ

ரீஸ்டார்ட் பண்ணா சிமாஸ் (செட்டிங்ஸ் இருக்கற சின்ன மெமரி) செக்சம் (கூட்டிப் பாத்து சரிபாக்கற டோட்டல்) எரர்னு ஒரு மெசேஜ் வரும், அப்புறம் செட்டப்புக்குள்ள போனா பாஸ்வேர்ட் கேக்காது. நிறைய பேருக்கு இது மனப்பாடம். ஆனா ஏன் 70, ஏன் 17, எதுக்கு ரெண்டு தடவ ஓ அப்படின்னு கேட்டா பதில் வராது. எனக்கு அந்த பதில்தான் முக்கியம்னு தோணுது, ஏன்னா அது தெரிஞ்சா எந்த மெஷின்ல இது பலிக்கும் எதுல பலிக்காதுங்கறது அடிச்சுப் பாக்காமலே புரிஞ்சுடும்.

1981ல வந்த முதல் ஐபிஎம் பிசில செட்டிங்ஸ சேமிச்சு வைக்க தனியா மெமரியே கெடையாது. எவ்ளோ ராம் இருக்கு, எத்தன ஃப்ளாப்பி ட்ரைவ், எந்த மாதிரி டிஸ்ப்ளே எல்லாத்தையும் மதர்போர்டுல இருக்கற குட்டி குட்டி டிப் ஸ்விட்ச்ச பேனா முனையால தள்ளித்தான் சொல்லணும், தேதியும் நேரமும் ஒவ்வொரு தடவ ஆன் பண்ணும்போதும் கையால அடிக்கணும். 1984ல பிசி ஏடி வந்தப்பதான் மோட்டோரோலாவோட எம்சி146818ங்கற சிப்ப சேத்தாங்க. அது அடிப்படைல ஒரு கடிகாரம். நொடிக்கு 32,768 தடவ துடிக்கற கிரிஸ்டல் ஒண்ணு அதுக்கு கூட இருக்கும், இந்த நம்பர 15 தடவ பாதி பாதியா ஆக்கிட்டே போனா கரெக்டா 1 வரும், அதனாலதான் அந்த நம்பர். சிப்புக்குள்ள 64 பைட் மெமரி, அதுல 14 பைட் கடிகாரத்துக்குப் போக மிச்சம் 50 பைட் காலியா இருந்துச்சு. ஐபிஎம் அந்த 50 பைட்லதான் ஹார்ட் டிஸ்க் டைப், ஃப்ளாப்பி டைப், மெமரி அளவு எல்லாத்தையும் எழுதி வச்சாங்க. சிமாஸ் முறைல செஞ்ச சிப்ங்கறதால கரண்ட் ரொம்பக் கம்மியா இழுக்கும், ஒரு சின்ன பேட்டரி இருந்தா மெஷின் ஆஃப்ல இருந்தாலும் வருஷக்கணக்கா எதுவும் மறக்காது. பின்னாடி வந்த போர்டுங்க இத 128 பைட், அதுக்கும் மேலன்னு பெருசாக்கினாங்க, பாஸ்வேர்டும் அதுக்குள்ளயே ஒரு மூலைல போய் உக்காந்துச்சு.

இப்ப 70, 71 விஷயத்துக்கு வருவோம். இன்டெல் ப்ராசஸருக்கு சாதாரண மெமரி தவிர 65,536 ஐஓ போர்ட் தனியா உண்டு, கீபோர்ட், டைமர், ப்ரின்டர் எல்லாத்தோடயும் அது வழியாத்தான் பேசும். ஏடில கடிகார சிப்புக்கு ஒதுக்கினது ரெண்டே ரெண்டு போர்ட், ஹெக்ஸ்ல (16அ அடிப்படையா வச்சு எழுதற எண் முறை, 9க்கு அப்புறம் ஏ முதல் எஃப் வரைக்கும் எழுத்து வரும்) 70, 71. 64 பைட்டுக்கும் 64 போர்ட் கொடுக்காம, 70ல எந்த பைட் வேணுங்கற நம்பர எழுது, 71ல அந்த பைட்ட படி, இல்லன்னா மாத்தி எழுது, அப்படின்னு வச்சுட்டாங்க. டீபக்ல ஓங்கறது அவுட்புட், போர்ட்டுக்கு ஒரு பைட் அனுப்பு. ஐங்கறது இன்புட், போர்ட்ல இருந்து படி. க்யூன்னா க்விட், டீபக்க விட்டு வெளிய வா. அது ஆங்கில எழுத்து ஓ, சைபர் இல்ல, பேப்பர்ல கையால எழுதி வச்சத பாத்து அடிக்கறவங்க பலரும் சைபர் போட்டுட்டு எரர்னு வருதேன்னு முழிப்பாங்க. டீபக்ல அடிக்கற நம்பர் எல்லாமே ஹெக்ஸ்ங்கறதயும் மனசுல வச்சுக்கணும்.

எதையும் மாத்தாம இத முதல்ல கண்ணால பாத்துடலாம். ஓ 70 0ன்னு அடிச்சு, அடுத்த வரில ஐ 71ன்னு அடிச்சா 41ன்னு ஒரு நம்பர் வரும்னு வச்சுக்கோங்க. கொஞ்சம் பொறுத்து அதே ரெண்டு வரியையும் திரும்ப அடிச்சா 47, திரும்ப அடிச்சா 52. நீங்க பாக்கறது கடிகாரத்தோட நொடி! 0ங்கற இடத்துல நொடி, 2ல நிமிஷம், 4ல மணி, 7ல தேதி, 8ல மாசம், 9ல வருஷத்தோட கடைசி ரெண்டு இலக்கம். டீபக் ஹெக்ஸ்லதான் காட்டும், ஆனா 41ன்னு தெரிஞ்சா அது நெசமாவே 41வது நொடிதான், ஏன்னா சிப் ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியா நாலு நாலு பிட்ல வச்சுக்குது. வருஷத்துக்கு ரெண்டே இலக்கம் வச்சதாலதான் நூற்றாண்ட தனியா வேற பைட்ல, பல போர்டுல 32ங்கற இடத்துல, வைக்க வேண்டி வந்துச்சு, 2000 பொறந்தப்ப அவ்ளோ பதட்டம் இருந்ததுக்கு இதுவும் ஒரு காரணம். விண்டோஸ், டிரைவர் எதுவுமே நடுவுல இல்லாம சிப் கிட்ட நேரா கேட்டு பதில் வாங்கறது, எனக்கு இன்னும் அலுக்கல.

சரி, பாஸ்வேர்ட் ஏன் போகுது? நாம அடிச்ச வரிங்க பாஸ்வேர்ட தொடவே இல்லங்கறதுதான் இதுல அழகே. பேட்டரி வீக் ஆனா இந்த பைட்டெல்லாம் குப்பையாகிடும்னு ஐபிஎம் இன்ஜினியர்களுக்கு தெரியும், குப்பைய நம்பி ஹார்ட் டிஸ்க்க தொட்டா டேட்டா போயிடும். அதனால ஹெக்ஸ் 10ல இருந்து 2டி வரைக்கும் இருக்கற 30 பைட்டையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகைய 2ஈ, 2எஃப்ங்கற ரெண்டு பைட்ல எழுதி வச்சாங்க, மளிகைக் கடைச் சீட்டுல அடில டோட்டல் போடற மாதிரி. மெஷின் ஆன் ஆகறப்ப ஒவ்வொரு தடவையும் பயாஸ் அந்த 30 பைட்ட மறுபடி கூட்டிப் பாக்கும். டோட்டல் ஒத்துப் போனா செட்டிங்ஸ நம்பும், ஒத்துப் போகலன்னா உள்ள இருக்கற எதையும் நம்பாது, ஃபேக்டரி டிஃபால்ட்ட தூக்கி மேல எழுதிடும். அந்த டிஃபால்ட்ல பாஸ்வேர்ட் கெடையாது, அவ்ளோதான். கேஸ் கவர திறந்து பேட்டரிய கழட்டறதும், போர்டுல கிளியர் சிமாஸ் ஜம்பர மாத்திப் போடறதும் உள்ளடக்கத்த அழிச்சு இதே சந்தேகத்தத்தான் உண்டாக்குது, டீபக் அத கீபோர்ட்ல இருந்தே செய்யுது.

இப்ப 17க்கு வாங்க. ஹெக்ஸ் 17, 18 ரெண்டும் சேர்ந்து 1 எம்பிக்கு மேல இருக்கற எக்ஸ்டெண்டட் மெமரி எத்தன கேபின்னு சொல்லும், அதுல 17 கீழ் பாதி. 16 எம்பி ராம் இருக்கற மெஷின்ல அது 15,360 கேபி, ஹெக்ஸ்ல எழுதினா 3சி00. 8 எம்பி இருந்தா 7,168 கேபி, அதாவது 1சி00. கவனிச்சீங்களா, கடைசி ரெண்டு இலக்கம் ரெண்டுலயும் 00. 64 எம்பி வரைக்கும் முழு முழு எம்பியா ராம் இருந்தா அது 1024ஓட பெருக்கம், அதனால கீழ் பாதி 00தான் வரும். அங்க போய் 17ன்னு எழுதினா, அது டெசிமல்ல 23, கூட்டுத்தொகை 23 கூடிடும், அடில எழுதி வச்ச டோட்டல் பழசாவே இருக்கும், கணக்கு ஒதைக்கும். 00 தவிர வேற எந்த நம்பர எழுதினாலும் இதே கதைதான், 70 17 71 17ன்னு சொல்றதுக்கு ஈசியா இருக்கறதால அது நின்னுடுச்சுன்னு நெனைக்கறேன்.

இன்னொரு வகையும் ரொம்பப் பிரபலம், ஓ 70 2ஈ, அப்புறம் ஓ 71 எஃப்எஃப். இது பைட்டுங்கள விட்டுட்டு டோட்டலயே கெடுக்குது, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும். 30 பைட்டும் உச்சபட்சமா 255ஆ இருந்தாலும் கூட்டுத்தொகை 7,650தான் வரும், ஹெக்ஸ்ல 1டிஈ2. அப்ப 2ஈல இருக்கற மேல் பாதி 1டிய தாண்டவே முடியாது. அங்க எஃப்எஃப்னு எழுதினா உள்ள என்ன செட்டிங்ஸ் இருந்தாலும் சரி, அந்த டோட்டல் சத்தியமா தப்பு. ஐபிஎம் போட்ட கணக்கு முறைய அப்படியே பின்பற்றின எந்த பயாஸும் இதுல இருந்து தப்பிக்க வழியே இல்ல. 2ஈக்கு மேல தனியா இன்னொரு டோட்டல் வச்சு பாஸ்வேர்ட அதுக்குள்ள வச்சுக்கிட்ட பயாஸும் இருந்துச்சு, அங்க முதல் டோட்டல் தப்பானாலும் பாஸ்வேர்ட் நின்னுடலாம்.

பலிக்காத இடம் எதுன்னு இப்ப நீங்களே சொல்லிடலாம். விண்டோஸ் எக்ஸ்பில கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து இந்த வரிங்கள அடிச்சுட்டு ஒண்ணுமே நடக்கலங்கறவங்க அதிகம். டீபக் அங்கயும் ஓடும், எரரும் காட்டாது, ஆனா எக்ஸ்பி மாதிரி என்டி வகை விண்டோஸ்ல 16 பிட் ப்ரோக்ராம் எல்லாம் ஒரு பொய் கம்ப்யூட்டருக்குள்ள ஓடுது, நீங்க 70க்கு அனுப்பின பைட்ட விண்டோஸ் நடுவுலயே பிடிச்சுக்கும், நெசமான சிப் வரைக்கும் விடாது. 64 பிட் விண்டோஸ்ல டீபக்கே கெடையாது. அதனால நெசமான டாஸ்ல பூட் ஆகணும். விண்டோஸ் 98 ஸ்டார்ட்அப் ஃப்ளாப்பி போதும், அது பூட் ஆகறப்ப ராம்ல ஒரு குட்டி ட்ரைவ் உண்டாக்கி டீபக்க அதுக்குள்ள விரிச்சு வைக்கும். ஃப்ளாப்பி இல்லன்னா 1994ல ஜிம் ஹால் ஆரம்பிச்ச ஃப்ரீடாஸ் இருக்கு, யுஎஸ்பில பூட் ஆகற அளவுக்கு மெஷின் புதுசா இருந்தா பென் ட்ரைவ்ல போட்டுக்கலாம்.

பாஸ்வேர்ட் செட்டப்புக்கு மட்டும் இருந்தாதான் இதெல்லாம். ஆன் பண்ண உடனே பாஸ்வேர்ட் கேக்கற மாதிரி வச்சிருந்தா டாஸ் வரைக்குமே போக முடியாது, அப்ப ஜம்பரும் பேட்டரியும்தான் வழி. பல லேப்டாப்ல பாஸ்வேர்ட் சிமாஸ்ல இல்லாம தனியா ஒரு ஈஈப்ராம் சிப்ல இருக்கும், அதுக்கு பேட்டரியே தேவையில்ல, டீபக்கும் அத தொடாது. ஹார்ட் டிஸ்க்குக்கு வச்ச பாஸ்வேர்ட் டிஸ்க்குலயே இருக்கு, அதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்ல. சொந்த மெஷின், இல்ல உரிமையோட கைக்கு வந்த மெஷின்ல மட்டும் இத செய்யுங்க.

அடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கட்டாயம் செய்யணும். பாஸ்வேர்ட் இல்லாமலே செட்டப் ஸ்க்ரீன பாக்க முடிஞ்சா ஒவ்வொரு பக்கத்தையும் போன்ல படம் எடுத்துக்கோங்க, முடியலன்னா டிஸ்க் மேல ஒட்டியிருக்கற லேபிளையாவது எடுத்துக்கோங்க. 386, 486 காலத்துல ஹார்ட் டிஸ்க்கோட சிலிண்டர், ஹெட், செக்டர் மூணையும் டைப் 47ன்னு வச்சு கையால அடிச்சிருப்பாங்க, டிஃபால்ட் வந்தா அந்த நம்பர் மூணும் போயிடும், டிஸ்க் உள்ள இருந்தும் மெஷினுக்கு தெரியாது. கொஞ்சம் புது மெஷின்ல பிரச்சின வேற மாதிரி, சாட்டா மோட் (டிஸ்க்கோட மெஷின் பேசற முறை) ஐடிஈல இருந்து ஏஹெச்சிஐக்கு, இல்ல அங்க இருந்து இங்க மாறிடும், எக்ஸ்பி பாதி பூட் ஆகி 7பின்னு முடியற நம்பரோட நீலத்திரை காட்டி நின்னுடும். டிஸ்க் போச்சுன்னு பயந்து ஃபார்மேட் பண்ணிடாதீங்க, செட்டப்புல மோட பழையபடி மாத்தினா போதும்.

எதுவுமே செய்யாம தினம் தினம் செக்சம் எரர் வருது, தேதி பல வருஷம் பின்னாடி போயிடுதுன்னா பேட்டரி தீந்துடுச்சுன்னு அர்த்தம். வட்டமா சிஆர்2032 இருந்தா 3 வோல்ட், மாத்திடலாம். 486 போர்டுல பீப்பாய் மாதிரி பேட்டரிய சால்டர் பண்ணி வச்சிருப்பாங்க, அது நிக்கல் காட்மியம், வயசானா கசிஞ்சு சுத்தி இருக்கற காப்பர் கோட்ட அரிச்சுடும். பழைய போர்ட பத்திரப்படுத்தணும்னா, ஓடுதோ ஓடலயோ, முதல் வேலையா அத வெட்டி எடுத்துடுங்க.

டீபக்க எழுதினது டிம் பேட்டர்சன், 1980ல 86-டாஸுக்காக, அது அப்படியே 1981ல ஐபிஎம் டாஸோட வந்துச்சு. போர்ட்ட தொடறது மட்டும் அதோட வேலை இல்ல, மெமரில எந்த இடத்துல இருக்கற ப்ரோக்ராமையும் ஓட விடும். ஜி=சி800:5ங்கற பழைய வரி அப்படித்தான் வேலை செஞ்சுச்சு. அந்தக் கால ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் கார்டு மேல ஒரு ரோம் சிப் இருக்கும், படிக்க மட்டும் முடியும், எழுத முடியாத வகை, அது மெமரில சி800ங்கற இடத்துல தெரியும், பல வெஸ்டர்ன் டிஜிட்டல் கார்டுல அதுல இருந்து 5 பைட் தள்ளி லோ லெவல் ஃபார்மேட் (டிஸ்க்ல ட்ராக்க புதுசா எழுதறது) ப்ரோக்ராம் இருந்துச்சு, ஜின்னா போ, அங்க போய் ஓடுன்னு அர்த்தம். ஐடிஈ டிஸ்க்ல இது கெடையாது, அதுல ட்ராக்க ஃபேக்டரிலயே எழுதி அனுப்பிடறாங்க.

லினக்ஸ்ல இந்த பைட்டுங்கள பாக்கணும்னா என்விராம் டிரைவர் இருக்கு, /டெவ்/என்விராம்ங்கற ஃபைல படிச்சா 114 பைட் வரும், 128ல கடிகாரத்தோட 14அ மறைச்சுட்டு மிச்சத்த காட்டுது. அது வழியா 17ல எதையாவது எழுதி பாஸ்வேர்ட கழட்டலாம்னு பாத்தா நடக்காது, ஏன்னா நீங்க எழுதின உடனே டிரைவரே 10ல இருந்து 2டி வரைக்கும் கூட்டி சரியான டோட்டல 2ஈல போட்டுடும். டோட்டல கெடுக்கணும்னா ரூட்டா (முழு அதிகாரம் இருக்கற யூசரா) இருந்து /டெவ்/போர்ட் வழியா 70க்கும் 71க்கும் நீங்களே நேரா எழுதணும்.