ஃபிரஸ்ட்ரேஷன்: தமிழில் ‘இழுபறி’

காந்தவியலில் வரும் ஃபிரஸ்ட்ரேஷனுக்கும் மனச்சோர்வுக்கும் சம்பந்தமில்லை. லத்தீனில் ‘ஃபிரஸ்ட்ரா’ என்றால் ‘வீணாக’. அதிலிருந்து வந்த சொல்லை 1977இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ழெரார் துலூஸ் காந்தங்களுக்கு வைத்தார்.

ஒரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஆளுக்கொரு அணுக்காந்தம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேல் அல்லது கீழ், இரண்டே திசைதான். பக்கத்து அணுவுக்கு எதிராகத் திரும்பினால் ஆற்றல் குறையும். முதலாவது மேலே பார்த்தால் இரண்டாவது கீழே பார்க்கும். சரி, மூன்றாவது? எப்படித் திரும்பினாலும் இரண்டில் ஒன்றோடு ஒத்துப்போகாது. மொத்தமுள்ள 8 அமைப்புகளில் 6 அமைப்புகளுக்கு ஒரே குறைந்த ஆற்றல். எதிலும் போய் நிலைக்க முடியாது.

அகராதியைப் பார்த்து இதை ‘விரக்தி’ என்று எழுதுவது தவறு. விரக்தி என்பது பற்று விட்ட நிலை. இங்கே எந்த அணுவும் விட்டுக்கொடுக்கவில்லை. கிருஷ்ணகிரியில் தோத்தாபுரி மாங்காய்க்கு விலை பேச முத்தரப்புக் கூட்டம் கூடி, முடிவு எட்டாமல் போனால் ‘இழுபறியா இருக்கு’ என்போம். அதே சொல் போதும். ஆகவே இழுபறிக் காந்தம். இழுப்பும் இருக்கிறது, தீராமையும் இருக்கிறது.

இந்த இழுபறி அருமண் (ரேர் எர்த்) தனிமங்கள் கொண்ட படிகங்களில் செழிப்பாகத் தெரிகிறது. டிஸ்புரோசியம் டைட்டனேட், எர்பியம் டைட்டனேட் போன்றவை பைரோகுளோர் என்ற அமைப்பு கொண்டவை. அருமண் அணுக்கள் முனை பகிரும் நான்முகிகளாக, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவங்களாக, அடுக்கப்பட்டிருக்கும். ‘பைரோகுளோர்’ கிரேக்கத்தில் ‘நெருப்பு, பச்சை’ என்ற இரு சொற்களின் சேர்க்கை. சூடாக்கினால் பச்சையாகும் தாதுவுக்கு வைத்த பெயர். கிருஷ்ணகிரிக்கு அடுத்த திருப்பத்தூர் மாவட்டத்துச் சேவத்தூரில் கார்பனடைட் என்ற, கார்பனேட் மிகுந்த எரிமலைக்குழம்புப் பாறையில் அந்தத் தாது இருக்கிறது. ஆய்வுக்கான படிகங்கள் மட்டும் ஆய்வகத்தில் வளர்க்கப்படுபவை.

அப்புறம் ‘ஃபேஸ்’, அதாவது ஒரு பொருளின் காந்தங்கள் சேர்ந்து எடுக்கும் அமைப்பு. இதற்குக் ‘கட்டம்’ என்றால் காலவரிசை போலத் தொனிக்கும். ‘நிலை’ என்பதே நல்லது. டிஸ்புரோசியம் டைட்டனேட்டில் ஒவ்வொரு நான்முகியிலும் இரு காந்தங்கள் உள்நோக்கியும் இரண்டு வெளிநோக்கியும் நிற்கும். பனிக்கட்டியில் ஹைட்ரஜன் நிற்கும் விதி அது. அதனால் இதற்குச் சுழற்பனி (ஸ்பின் ஐஸ்) என்று பெயர். எர்பியம் டைட்டனேட் சுமார் 1.2 கெல்வினில் (சுமார் −272 டிகிரி செல்சியஸ்) எதிர்க்காந்த ஒழுங்குக்கு, அதாவது காந்தங்கள் ஒன்றையொன்று ஈடுகட்டி நிற்கும் ஆன்டிஃபெர்ரோகாந்த ஒழுங்குக்கு, வந்துவிடுகிறது. இட்டர்பியம் டைட்டனேட்தான் என்னை வியக்க வைப்பது. காந்தங்கள் பெரும்பாலும் ஒரே பக்கம் சாயும் ஃபெர்ரோகாந்த நிலைக்கும் எதிர்க்காந்த நிலைக்கும் இடையிலான எல்லையை ஒட்டியே அது நிற்கிறது. அதனால் இரண்டும் போட்டி நிலைகள். படிகம் வளரும்போது இட்டர்பியம் கொஞ்சம் கூடக்குறைய அமைந்தாலே, கால் கெல்வினை ஒட்டி அது காட்டும் நடத்தை மாறிவிடுகிறது.