நிம்பி: தமிழில் என்ன சொல்லலாம்?

அமெரிக்க வீட்டுவசதிச் செய்திகளில் அடிக்கடி வரும் சொல் நிம்பி. 'நாட் இன் மை பேக் யார்ட்' என்ற தொடரின் முதலெழுத்துகளைக் கோத்துச் செய்தது. 'என் கொல்லைப்புறத்தில் வேண்டாம்' என்று பொருள். ஒரு திட்டம் ஊருக்குத் தேவைதான் என்று ஒப்புக்கொள்வார்கள், ஆனால் தங்கள் வீட்டுப் பக்கம் மட்டும் வரவிடமாட்டார்கள். அப்படிப்பட்டவருக்கும் அந்தப் போக்குக்கும் இதுவே பெயர்.

1980 வாக்கில் அச்சுக்கு வந்தபோது இது நச்சுக் கழிவுக் கிடங்குகளையும் அணு உலைகளையும் ஒட்டிய சொல். நியூயார்க் மாநிலத்தின் லவ் கனால் பகுதியில், புதைத்த ரசாயனக் கழிவின் அருகே குடியிருந்த குடும்பங்கள் 1978-இல் வெளியேற வேண்டிவந்ததை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த 'வேண்டாம்' நியாயமானது. அப்புறம் அதே சொல், குறைந்த வருவாய்ப் பிரிவினருக்கான குடியிருப்பை எதிர்ப்பவர்களுக்கும் வந்துவிட்டது. இதுதான் என்னை உறுத்துகிறது. பீப்பாயில் அடைத்த விஷத்தை மறுப்பதும், பள்ளி ஆசிரியரின் குடும்பத்தை மறுப்பதும் ஒரே பெயரில் நடமாடுகின்றன.

மனிதர்களை மறுக்கும் பழக்கம் இந்தச் சொல்லைவிட மூத்தது. இன்னின்ன இனத்தார் இந்தத் தெருவில்தான் குடியிருக்கலாம் என்ற நகரச் சட்டங்களை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1917-இல் செல்லாதவை ஆக்கியது. 1926-இல் கிளீவ்லாந்தின் புறநகரான யூக்ளிட் தொடர்பான வழக்கில், எந்தப் பகுதியில் எந்த வகைக் கட்டடம் வரலாம் என்று நில உபயோக மண்டலம் வகுக்கும் உரிமையை அதே நீதிமன்றம் ஊராட்சிகளுக்குக் கொடுத்தது. தனி வீடுகள் உள்ள இடத்தில் வரும் அடுக்குமாடியை ஓர் ஒட்டுண்ணி என்றே அந்தத் தீர்ப்பு எழுதியது. அதன் பிறகு இனத்தின் பெயரைச் சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. பெரிய மனை, தனி வீடு மட்டும் என்று விதி போட்டால் போதும், பணமில்லாதவர் தாமாகவே வெளியே நிற்பார்.

நியூஜெர்சியின் மவுன்ட் லாரல் இதற்குச் சரியான சாட்சி. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்கள், தங்கள் பிள்ளைகளும் அதே ஊரில் குடியிருக்க 36 வீடுகள் கட்ட அனுமதி கேட்டன. 1970-இல் மேயர் தேவாலயத்துக்கே வந்து, இந்த ஊரில் வாழ வசதியில்லை என்றால் நீங்கள் கிளம்பவேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார். ஊராட்சி மீது தொடுத்த வழக்கில் எத்தல் லாரன்ஸ் என்ற ஆசிரியை முன்னின்றார். குறைந்த வருவாய் உள்ளவர்களுக்கும் ஊராட்சி இடம் கொடுத்தாக வேண்டும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 1975-இல் தீர்ப்பளித்தது, 1983-இல் மறுபடியும் அழுத்திச் சொன்னது. அவர் பெயரிலேயே அமைந்த குடியிருப்பில் ஆட்கள் குடியேறியதோ 2000-இல்தான். அவர் 1994-இலேயே காலமாகிவிட்டார். பின்னாளில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் போய்ப் பார்த்தார்கள். அந்தக் குடியிருப்பால் சுற்றுவட்டாரத்தில் குற்றமும் கூடவில்லை, வீட்டு விலையும் இறங்கவில்லை.

இன்றைய உதாரணம் கலிபோர்னியாவின் ஆதர்ட்டன். பெரும்பகுதியில் மனையே ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது. சுமார் 7,000 பேர் வாழும் அந்தச் செல்வந்தர் ஊர், 2031-க்குள் 348 வீடுகளுக்கு வழிசெய்ய வேண்டும் என்று மாநிலம் கேட்டது. சில இடங்களில் தொடர்வீடுகளை அனுமதிக்கும் யோசனை 2022-இல் எழுந்ததும் எதிர்ப்புக் கடிதங்கள் குவிந்தன, ஊர்மன்றம் பின்வாங்கியது. இப்படிப்பட்ட ஊர்களில் யாரும் ஏழைகள் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்வதில்லை. ஊரின் தன்மை கெடும், நெரிசல் கூடும், சொத்து மதிப்பு விழும் என்பார்கள்.

சரி, தமிழில்? 'கொல்லைப்புற மறுப்பு' என்பது நேர் பெயர்ப்பு. கழிவுக் கிடங்கு, அணு உலை எதிர்ப்புக்கு அதை வைத்துக்கொள்ளலாம். வீட்டுவசதிக்கு 'அண்டைமறுப்பு' என்பதையே நான் பரிந்துரைப்பேன்; ஆளைக் குறிக்க 'அண்டைமறுப்பாளர்'. அங்கே மறுக்கப்படுவது கட்டடமல்ல, பக்கத்து வீட்டுக்காரராக வரக்கூடிய ஒருவர். 2010-களில் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் வலுத்த எதிரணி 'யிம்பி'கள், அதாவது 'எஸ் இன் மை பேக் யார்ட்', 'என் கொல்லைப்புறத்தில் வரட்டும்' என்பவர்கள். அவர்களை 'அண்டையேற்பாளர்' எனலாம். 'அண்டைமறுப்புக்குப் பணிந்து ஊர்மன்றம் திட்டத்தைக் கைவிட்டது' என்று எழுதினால் அடிக்குறிப்பு இல்லாமலே புரியும்.