கேம்பிங், கிளாம்பிங்: கூடாரத்தை அடிப்பது யார்?

மலை ஊர்களுக்குப் போகும் சாலைகளில் இப்போது வளைவுக்கு ஒரு பலகை தெரிகிறது. கேம்பிங், டென்ட் ஸ்டே, கிளாம்பிங், டோம் ஸ்டே என்று பெயர்கள் பல. சென்ற விடுமுறையில் 'கேம்பிங்' என்ற சொல்லை நம்பி, கூடாரம், பாய், முளை, சுத்தியல் எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு நாங்களும் ஒரு மலை ஊருக்குப் போனோம். போய்ப் பார்த்தால் கூடாரங்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றுகொண்டிருந்தன. "சொந்தக் கூடாரம் அடிக்க இங்கே விடுறதில்லைங்க, இதுலயே தங்கிக்கலாம்" என்றார்கள். வீட்டு மாடியில் ஒரு வாரம் கூடாரம் அடித்துப் பழகியிருந்த பிள்ளைகளின் முகம் வாடிப்போனது. அந்த இடத்துக்காரர்கள் ஏமாற்றவில்லை. ஆனால் ஒரே சொல்லை அவர்கள் ஒரு பொருளிலும் நாங்கள் வேறு பொருளிலும் எடுத்துக்கொண்டோம். இந்தச் சொற்களை நான் தேடத் தொடங்கியது அதற்கப்புறம்தான்.

கேம்ப் என்பதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. அங்கே 'கம்புஸ்' என்றால் சமவெளி, திறந்த வயல். பண்டைய ரோமில் படைவீரர்கள் பயிற்சி பெற்ற திடலுக்குக் 'கம்புஸ் மார்ட்டியுஸ்', அதாவது போர்க்கடவுள் மார்ஸின் வயல் என்று பெயர். வயலைக் குறித்த சொல் படை இறங்கும் வயலுக்கு ஆகி, பிறகு படை தங்கும் இடத்துக்கே ஆகி, இத்தாலியம், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கல்லூரியின் கேம்பஸ், தேர்தல் கேம்பெய்ன், பந்தயத்தில் வெல்லும் சாம்பியன் எல்லாம் இதே வயலில் முளைத்தவைதான்.

படைக்காரர்களின் சொல் உல்லாசப் பயணிகளின் சொல்லாக மாறியதில் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்பவருக்குப் பெரிய பங்கு உண்டு. இவர் இங்கிலாந்தில் தையல் தொழில் செய்தவர். சிறு வயதில் பெற்றோருடன் வண்டித்தொடரில் அமெரிக்கப் புல்வெளிகளைக் கடந்து, வழிநெடுகக் கூடாரத்தில் தங்கிய அனுபவம் இவருக்கு இருந்தது. பிற்காலத்தில் சைக்கிளில் கொண்டுபோகும் அளவுக்கு எடை குறைந்த கூடாரங்களை வடிவமைத்தார். 1901இல் சைக்கிளில் போய்க் கூடாரமடிப்பவர்களுக்கு ஒரு சங்கம் தொடங்கினார், 1908இல் கூடாரமடிப்பவர்களுக்கென்று ஒரு கையேடும் எழுதினார். அவருடைய கேம்பிங்கில் கூடாரத்தைச் சுமப்பதும் அடிப்பதும் பிரிப்பதும் தங்குபவரின் வேலை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளாம்பிங் மிகவும் இளைய சொல். கிளாமரஸ், கேம்பிங் இரண்டையும் ஒட்டிச் செய்தது. 2005 வாக்கில் பிரிட்டனில் புழக்கத்துக்கு வந்து, 2016இல் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் ஏறியது. இதில் உள்ள கிளாமர் என்ற பாதிக்கு ஒரு கதை இருக்கிறது. அது கிராமர், அதாவது இலக்கணம் என்ற சொல்லின் திரிபு! எழுத்தறிவே அரிதாக இருந்த காலத்தில் இலக்கணம் கற்றவருக்கு மந்திரமும் தெரியும் என்று மக்கள் நம்பினார்கள். ஸ்காட்லாந்தில் அந்தச் சொல் கிளாமர் என்று திரிந்து, கண்ணைக் கட்டும் மாயத்தைக் குறித்தது. மாயம் பின்னர் மயக்கும் அழகாகி, இன்று பகட்டான அழகாக நிற்கிறது.

அதனால்தான் கிளாம்பிங்கை 'கவர்ச்சி முகாம்' என்று பெயர்ப்பதை நான் ஏற்கமாட்டேன். சினிமாச் செய்திகளில் கிளாமருக்குக் கவர்ச்சி என்று எழுதிப் பழகியதன் விளைவு அது. கிளாம்பிங்கில் விற்கப்படுவது கவர்ச்சி இல்லை. கட்டில், மெத்தை, மின்விளக்கு, வெந்நீர், கூடாரத்தோடு ஒட்டிய கழிப்பறை ஆகிய வசதிகள்தான்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? முகாம் நமக்குப் பழகிய சொல், அரபு 'மகாம்' பாரசீகம், உருது வழியே வந்தது. ஆனால் இன்று முகாம் என்றதும் மருத்துவ முகாம், நிவாரண முகாம், அகதி முகாம்தான் நினைவுக்கு வருகின்றன. கூடாரமே இல்லாமல் பள்ளிக் கட்டடத்திலும் முகாம் நடக்கிறது. 'டேரா போடுவது' என்றால் கிளம்ப மறுப்பது என்ற தொனி வந்துவிட்டது. பாசறை, பாடி, பாளையம் மூன்றும் அழகானவை. மூன்றும் படை தங்கும் இடங்கள் என்பதால் விடுமுறைக்குப் போகிறவருக்குப் பொருந்தவில்லை.

ஆனால் அந்தப் பாசறைகளை மறந்துவிடவும் மனம் வரவில்லை. சங்க இலக்கியமான முல்லைப்பாட்டில் ஒரு பாசறை வருகிறது. காட்டில் முள்வேலி வளைத்து, தழை வேய்ந்த கூரைகளோடு தெருத்தெருவாகப் படை தங்கியிருக்கிறது. வீரர்களின் இருப்பிடத்தைப் புலவர் 'கூடம் குத்திக் கயிறு வாங்கு இருக்கை' என்கிறார். கழியை நட்டு, கயிற்றை இழுத்துக் கட்டிய இருப்பிடம். (இங்கே வாங்குதல் என்றால் இழுத்தல்.) இன்றும் கூடாரம் அடிப்பவர் செய்வது இதையேதான். அதே படைக்கு நடுவில் அரசனுக்குத் தனி ஏற்பாடு. நெடிய கோல்களை நட்டுத் திரை வளைத்த இல்லம், மணிவிளக்கு, திரை தொங்கும் 'ஈரறைப் பள்ளி', காவலுக்கு அயல்நாட்டார். கேம்பிங்கும் கிளாம்பிங்கும் ஒரே பாட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன! அரசன் தன் கூடாரத்துக்குக் கயிறு இழுத்திருக்கமாட்டான்.

இந்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழில் வினைச்சொல்லே தயாராக இருக்கிறது. நாம் கூடாரம் 'அடிக்கிறோம்', கூடாரத்தில் 'தங்குகிறோம்'. ஆகவே நம் கூடாரத்தை நாமே கொண்டுபோய் நிறுத்துவது கூடாரமடிப்பு. ஹோல்டிங்கின் கேம்பிங் இதுதான். பிறர் நிறுத்தி வைத்த எளிய கூடாரத்தில் இரவைக் கழிப்பது கூடாரத் தங்கல். மலை ஊர்ப் பலகைகளில் கேம்பிங் என்றும் டென்ட் ஸ்டே என்றும் இருப்பவற்றில் பல இந்த வகைதான், எங்கள் குழப்பமும் இங்கேதான் நேர்ந்தது. கட்டிலும் கழிப்பறையும் உள்ளது சொகுசுக் கூடாரம். சொகுசு தெலுங்கோடு உறவுடைய சொல், அங்கே 'சொகசு' என்றால் அழகு. கிளாம்பிங்கில் உள்ள கிளாமரைப் போலவே அழகிலிருந்து வசதிக்கு வந்த சொல் என்பதால் எனக்கு இதில் மனநிறைவு. டோம் ஸ்டே என்பதைக் குவிமாடக் கூடாரம் என்றால் போதும், துணியோ ஒளிபுகும் தகடோ போர்த்திய அரைக்கோளம் அது. யுர்ட் என்பது நடு ஆசியாவின் மேய்ச்சல்காரர்களின் வட்ட வீடு, அதை யுர்ட் என்றே வைத்துக்கொள்ளலாம்.

மலையில் இந்தப் பெயர்கள் சரியாக இருப்பது முக்கியம். உயரம் 1000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். 2000 மீட்டர் உயரத்து ஊரில் சமவெளியைவிட ஏறக்குறைய 13 டிகிரி குறைவு. தரையில் படுத்தால் மண் உடல் சூட்டை இழுத்துக்கொள்ளும், மூச்சின் ஈரம் கூடாரத்தின் உள்பக்கம் முத்து முத்தாகப் படிந்து விடியற்காலையில் நம் மேல் சொட்டும். சொகுசுக் கூடாரங்களைப் பெரும்பாலும் மரமேடை மேல் நிறுத்துவதற்குத் தரையின் குளிரும் ஒரு காரணம். கூடாரத் தங்கலில் பாயும் போர்வையும் தருவார்களா என்று கேட்டுக்கொள்ள வேண்டும், கூடாரமடிப்பில் அதெல்லாம் நம் பொறுப்பு.

பலகைகள் மாறும்வரை தொலைபேசியில் கேட்க எனக்கு ஒரே கேள்விதான்: "கூடாரம் நாங்க அடிக்கணுமா, நீங்க அடிச்சு வச்சிருப்பீங்களா?"