நைட் ஷிஃப்ட்டும் ஒரு பழ ஈயும்

"விமானக் கம்பெனியில் கை நிறையச் சம்பளம், மிடுக்கான யூனிஃபார்ம். அப்புறமும் ஏன் மூக்கால் அழுகிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தானபோது கிளம்பிய கேள்வி. அப்போது பேச்சில் அடிபட்டதும் விமானிகளின் ஓய்வு விதிகள்தான். வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 ஆகியிருந்தது.

சம்பளம், மேலதிகாரி, பதவி உயர்வு எல்லாம் எந்த வேலையிலும் உள்ள தலைவலிகள். சம்பளம் குறைந்தால் மனம் புழுங்கும், கூடினால் புழுக்கம் அடங்கும், அதற்காக வேலை பிடித்துவிடாது என்று உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே சொல்லிவிட்டார். விமானத் துறையின் தனி நோவு ரோஸ்டர், அதாவது யாருக்கு என்றைக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல்.

எங்கள் கீழ்வீட்டுத் தம்பி விமானப் பராமரிப்பில் இருக்கிறார். பகலெல்லாம் விமானம் பறப்பதால் பழுது பார்ப்பது பெரும்பாலும் ராத்திரியில்தான். காலை ஏழு மணிக்கு வந்து, ஜன்னலில் கறுப்புச் சார்ட் பேப்பர் ஒட்டிய அறையில் படுப்பார். கண்ணயரும்போது சிலிண்டர்காரர் பெல் அடிப்பார். சனிப்பெயர்ச்சி சரியில்லை என்று அவர் அம்மா விளக்கேற்றுகிறார். சனி பகவான் பாவம்!

குற்றவாளி மூளைக்குள் இருக்கிற உடம்புக் கடிகாரம். அது ஓடும் விதத்தைப் பழ ஈயிடம் பார்க்கலாம். பழ ஈயில் 'பீரியட்' என்றொரு மரபணு. இரவில் அது பெர் என்ற புரதத்தைச் செய்து குவிக்கும். பெர் தனியாக, மரபணு இருக்கும் செல்லின் உட்கருவுக்குள் நுழைய முடியாது. டிம் என்ற இன்னொரு புரதம் கைகோத்துக் கூட்டிப்போக வேண்டும். உள்ளே போனதும் பெர் செய்கிற முதல் வேலை, தன்னைப் பெற்ற மரபணுவின் வாயை அடைப்பது! உற்பத்தி நிற்கும், இருக்கிற பெர் சிதையும், மரபணு மறுபடி வாய் திறக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி நேரம். பல்சக்கரம் இல்லை, ஊசல் இல்லை; தாமதம் ஒன்றை வைத்தே ஒரு கடிகாரம். ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று விஞ்ஞானிகளுக்கும் இதைக் கண்டுபிடித்ததற்காக 2017-ல் நோபல் கிடைத்தது. நம் ஊரில் ஈயை ஆராயப் பணம் கேட்டால் சிரித்தே அனுப்பிவிடுவார்கள்.

நமக்குள்ளும் சற்று ஆள்மாற்றத்தோடு இதே கூத்துதான். தம்பி வீடு திரும்பும்போது முகத்தில் அடிக்கும் வெயில், விழித்திரை வழியாக மூளைக்கு "விடிந்தாச்சு" என்று சேதி சொல்லிவிடும். அப்புறம் எங்கே தூங்க?

மனிதக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்றே மெதுவாக ஓடுவது. அதனால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது சுலபம், முன்னுக்கு இழுப்பது கஷ்டம். காலை, மாலை, இரவு என்று ஷிஃப்ட் மாறினால் உடம்பு ஓரளவு ஒத்துப்போகும். தம்பியின் ரோஸ்டரைக் காட்டச் சொன்னேன். இரவு, மாலை, காலை என்று இருந்தது.