காட்டெருமை கேட்ட வர்க்கி: ஒரு குழந்தை எங்கே சிரிக்கிறது, ஏன்?

கறுப்புக் கோட்டும் வெள்ளைக் காலுறையும் அணிந்த ஒருவர், விடிந்தும் விடியாத நேரத்தில், நீலகிரி மலையின் கோத்தகிரியில், வர்க்கி என்ற மொறுமொறு ரொட்டி விற்கும் ஒரு பேக்கரிக்கு வருகிறார். கடைக்காரரின் மூக்குக்கண்ணாடியில் ஒரே ஆவி. வெளியே மூடுபனி, உள்ளே அடுப்புச் சூடு. கண்ணாடிதான் என்ன செய்யும்? "வாருங்கள் ஐயா. வர்க்கி கால் கிலோவா, அரைக் கிலோவா?" என்று கேட்கிறார். வந்தவர் குனிந்து தம் கால்களை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்: "எனக்கு நாலு கால். ஒரு கிலோவாகவே கொடுங்கள்."

படத்தில் நிற்பது காட்டெருமை. கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டுகிறார். பக்கத்தைத் திருப்பினால் ஆளைக் காணோம். மைதா மூட்டைக்கு மேலே இரண்டு கொம்புகள் மட்டும் தெரிகின்றன. மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்: "மியாவ்."

நானே எழுதி, படம் வரைந்து, நூலால் தைத்த 16 பக்கப் புத்தகம் இது. படத்தின் அழகைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். கோத்தகிரிக்குக் கீழே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறேன். பாட்டி மடியில் இருக்கும் 2 வயதுக் குழந்தை முதல் மீசை எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் 11 வயதுப் பையன் வரை எல்லோருக்கும் ஒரே ஜமுக்காளம், ஒரே கதை. அன்று இந்தக் கதைக்கு எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒரே இடத்தில் சிரிக்கவில்லை. 4, 5 வயதுக்காரர்கள் கடைக்காரர் "ஐயா" என்று சொன்னதுமே உருண்டார்கள். பெரிய பிள்ளைகள் "நாலு கால்" என்ற இடத்தில் சிரித்தார்கள். மடிக்குழந்தை "மியாவ்" வரைக்கும் காத்திருந்தது. ஒரே ஒரு பையன் மட்டும் சிரிக்கவே இல்லை.

பேக்கரி வாசலில் காட்டெருமை நின்றதற்கு யாருமே சிரிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கிருந்தே தொடங்கலாம்.

மூளை எந்நேரமும் அடுத்தது என்ன என்று ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ஊகம் பொய்க்கும்போது ஒரு தடுக்கல். தடுக்கியது ஏன் என்று நொடியில் விளங்கிவிட்டால் சிரிப்பு. ஜெரி சல்ஸ் என்ற உளவியலாளர் 1972-ல் நகைச்சுவையை இப்படி இரண்டு கட்டங்களாகப் பிரித்தார்: முதலில் முரண், பிறகு முரணின் முடிச்சு அவிழ்தல். "தாத்தா காலையில் எழுந்தார், பல் துலக்கினார், முகம் கழுவினார், பல்லை மாட்டிக்கொண்டார்." கடைசிச் சொல்லில் தடுக்குகிறோம். உடனே மனம் பின்னால் ஓடி, அந்தப் பல் டம்ளருக்குள் கிடந்த பல் என்று திருத்திக்கொள்கிறது. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவது சிரிப்பு எழுதுகிறவர்களுக்குக் கிடைத்த வரம். வாக்கியத்தை வாலைப் பிடித்துத் திருப்பிவிடலாம்.

முதல் கட்டத்தின் தடுக்கலை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். மார்ட்டா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும் 1980-ல், தலையில் மின்முனைகளைப் பொருத்தியவர்களிடம் வாக்கியங்களைச் சொல் சொல்லாகக் காட்டினார்கள். சூடான ரொட்டியில் வெண்ணெய் தடவுவதாக வரவேண்டிய இடத்தில் 'காலுறை' என்று வந்தது. அந்தச் சொல் வந்து சுமார் 400 மில்லிநொடியில், அதாவது அரை நொடிக்குள், மூளையின் மின்னலையில் ஒரு தனிப் பள்ளம் விழுந்தது. சிரிப்பதா வேண்டாமா என்று நாம் முடிவு செய்வதற்கு முன்பே, பொருந்தாத சொல் வந்துவிட்டதை மூளை குறித்துக்கொள்கிறது.

பொருந்தாதது எது என்பதோ ஊருக்கு ஊர் மாறும். இதே புத்தகத்தைச் சென்னையில் என் தங்கை பிள்ளைகளுக்குக் காட்டினேன். முதல் பக்கத்திலேயே, கடை வாசலில் கொம்பைப் பார்த்ததும், கெக்கலித்துவிட்டார்கள். கோத்தகிரியிலோ காட்டெருமை தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நிற்கும், சாலையைக் கடக்கும், சில நாள் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் நம்மோடு சேர்ந்து நிற்கும். வாசலில் அது நின்ற படத்தைப் பார்த்து ஒரு சிறுமி கேட்ட கேள்வி: "ஒன்றுதான் வந்ததா அக்கா? மற்றதெல்லாம் எங்கே?" அவளுக்கு அதில் இருந்த ஒரே குறை, கூட்டம் வராதது. வேறு நாட்டுச் சிரிப்புப் புத்தகங்களை மொழிபெயர்க்கும்போது பாதி நகைச்சுவை உதிர்வதும் இதனால்தான் என்று நினைக்கிறேன். சொல் வந்து சேர்ந்துவிடும். எது வழக்கம் என்ற அடித்தளம் வந்து சேராது.

4, 5 வயதுக்காரர்களிடம் வருவோம். இந்த வயதில் கதை கேட்கும் குழந்தையின் கண் எங்கே போகிறது என்று கண்ணசைவுக் கருவி கொண்டு மேரி ஆன் எவன்ஸும் ழான் செயின்ட் ஆபினும் பார்த்தார்கள். 2005-ல் வெளியான அவர்களது ஆய்வின்படி, எழுத்துப் பக்கம் பார்வை போவதே அரிது. முழுக் கவனமும் படத்தில். ஆகவே குழந்தைக்கு ஒரே நேரத்தில் இரண்டு கதைகள் கிடைக்கின்றன: காதில் ஒன்று, கண்ணில் ஒன்று. காது "கறுப்புக் கோட்டுக்காரர்" என்கிறது, கண் காட்டெருமை என்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் சிரிப்பு பொறி பறக்கிறது. நல்ல படக்கதையில் படம் சொல்லுக்கு அடங்கி நடக்காது. "ஒரு பூனை பால் குடித்தது" என்று எழுதி, பால் குடிக்கும் பூனையையே வரைந்து வைக்கும் புத்தகங்கள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. அவற்றில் குழந்தைக்குச் செய்ய வேலையே இல்லை.

இதற்கு இன்னொரு திறமையும் வேண்டும். படத்தில் இருப்பது எனக்குத் தெரியும், கடைக்காரருக்குத் தெரியாது என்று பிரித்து உணர வேண்டும். பெரியவர்களுக்கு இது ஒரு திறமையாகவே தோன்றாது. ஹைன்ஸ் விம்மரும் ஜோசப் பெர்னரும் 1983-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு சிறுவன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வரும் சிறுவன் எங்கே தேடுவான்? 3 வயதுக் குழந்தைகள் பெரும்பாலும், இப்போது சாக்லேட் இருக்கும் இடத்தையே காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. 4 வயதுக்கு மேல்தான் "பாவம், அவன் பழைய இடத்தில் தேடுவான்" என்ற பதில் மெல்ல மெல்ல வரத் தொடங்குகிறது. காட்டெருமையை "ஐயா" என்று அழைக்கும் கடைக்காரரைப் பார்த்து என் கூடத்துப் பொடியன்கள் உருண்டது, அந்தப் புதுத் திறமையை ஓட்டிப் பார்க்கும் உற்சாகம்.

கூடவே கொஞ்சம் பெருமையும் உண்டு. நாளெல்லாம் "உனக்குத் தெரியாது, பேசாமல் இரு" என்று கேட்டுக்கொண்டிருக்கும் ஆளுக்கு, தன்னைவிடத் தெரியாத ஒரு பெரியவர் கிடைத்தால் விடுவானா? தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையைத்தான் முதலில் வைக்கிறது. அது பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. கண்ணாடியில் ஆவி படிந்த நம் கடைக்காரர் பேதைமைக்கு நேர் உதாரணம்.

படக்கதையின் இன்னொரு கருவி, பக்கம் திருப்புவது. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு இறங்கினால் 36 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்துவார். வளைவுக்கு அப்பால் என்ன வருகிறது என்று தெரியாது, ஏதோ வரலாம் என்று மட்டும் தெரியும். வலப்பக்கத்தின் கடைசி வரி அந்த ஒலிப்பான். கடைக்காரர் கண்ணாடியைத் துடைக்கும் வரியை அங்கே நிறுத்தினேன். தாளைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் கூடமே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. பக்கம் பிரிப்பதை அச்சகத்தின் வசதிக்கு விட்டுவிடுகிறவர்கள் தங்கள் கதையின் கடைசி அடியைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள்.

இனி "நாலு கால்". 4, 5 வயதுக்காரர்கள் இதற்கும் சிரித்தார்கள்தான், ஆனால் மாடு குனிந்து கால் எண்ணுவதற்கு. சொல்லுக்குச் சிரித்தவர்கள் 8 வயதுக்கு மேற்பட்டவர்கள். 'கால்' என்ற ஒலிக்கு உடலின் காலும் உண்டு, நான்கில் ஒரு பங்கும் உண்டு என்று இரண்டையும் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்திருக்க வேண்டும். சிறு குழந்தைக்குச் சொல் என்பது ஜன்னல் கண்ணாடி, அதன் வழியே பொருள் தெரிகிறது, அவ்வளவுதான். கண்ணாடியையே தனியாகப் பார்க்கும் பழக்கம் 6, 7 வயதுவாக்கில் வருகிறது. வந்ததும் பிடிக்க முடியாது. "ஊரில் ஆறு ஓடுகிறது என்றால், ஏழும் எட்டும் ஏன் சும்மா நிற்கின்றன?" என்று வீட்டில் உள்ளவர்களைப் படுத்தி எடுப்பார்கள். காளமேகப் புலவரின் சிலேடையும் இதுவும் ஒரே குடும்பம்தான், அவர் மூத்தவர்.

இந்தச் சிலேடைக்குள் ஒரு கணக்கும் இருக்கிறது: நாலு கால் சேர்ந்தால் ஒன்று. பின்னம் ஏற்கெனவே தண்ணீர்பட்ட பாடாகிவிட்ட 11 வயதுப் பையன் லேசாக உதட்டைச் சுழித்தான், அவ்வளவுதான். விழுந்து விழுந்து சிரித்தவர்கள் 8, 9 வயதுக்காரர்கள், பள்ளியில் இப்போதுதான் காலும் அரையும் படிக்கிறவர்கள். இது தற்செயல் இல்லை. பால் மெக்கீ என்ற உளவியலாளர் 1976-ல் சோதித்தது இதைத்தான். ஓர் உணவை நான்கு துண்டாக வெட்டவா, எட்டாக வெட்டவா என்று கேட்டால் "நான்கு போதும், எட்டு என்றால் என்னால் தின்ன முடியாது" என்று பதில் சொல்லும் வகை நகைச்சுவையை எடுத்துக்கொள்ளுங்கள். துண்டு போட்டாலும் அளவு மாறாது என்று இன்னும் புரியாத குழந்தைக்கு இது நியாயமான பதில், சிரிக்க எதுவுமில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்டவருக்குச் சப்பென்று இருக்கும். அதிகம் ரசித்தவர்கள், அந்த உண்மையை அண்மையில் கற்றுக்கொண்டவர்கள். புது மிதிவண்டி கிடைத்தவன் மேட்டுப் பாதையாகத் தேடி ஓட்டுவதுபோல, மூளை தான் நேற்றுக் கற்றதைச் சோதித்துப் பார்க்க மேடு தேடுகிறது.

அன்று 9 வயதுப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்த 6 வயதுத் தங்கைக்கு விரல்விட்டு விளக்கினான். கடைசியில் அவள் "ஓ" என்றாள். சிரிப்பு வரவில்லை. சல்ஸ் சொன்ன இரண்டாம் கட்டத்தை அண்ணன் செய்து முடித்துவிட்டான்; அவளுக்கு விடைதான் மிஞ்சியது.

மடிக்குழந்தைக்குக் காலும் தெரியாது, கடைக்காரரின் அறியாமையும் தெரியாது. மாடு "ம்மா" என்று கத்தும் என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். அதைப் படித்துத் தேறிய வயது அது. ருஷ்ய எழுத்தாளர் கொர்னேய் சுகோவ்ஸ்கி, 2 வயது நிரம்பாத தம் மகள் ஒருநாள் ஓடிவந்து நாய் மியாவ் என்கிறது என்று அறிவித்துவிட்டு, இது பொய் என்று தனக்குத் தெரியும் என்கிற முகத்தோடு சிரித்ததைப் பதிவு செய்திருக்கிறார். விதி பிடிபட்ட மறுநாளே அதைத் தலைகீழாக்கிப் பார்க்கிறார்கள். அந்த முதல் நகைச்சுவைக்குக் குழந்தையே ஆசிரியர்.

அந்தக் குழந்தை சிரித்ததில் பாதி, சுற்றி இருந்தவர்கள் சிரித்ததால் வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடப் பிறரோடு இருக்கும்போது சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். சிரிப்புப் புத்தகத்தை மூலையில் உட்கார்ந்து மௌனமாகப் படிக்கச் சொல்வது, ஒருவரைத் தனியாக விட்டுக் கபடி ஆடச் சொல்வது போலத்தான்.

சிரிக்காத பையன்? அவன் வீட்டுக்குப் போகும் பாதை தேயிலைத் தோட்டத்துக்குள் செல்கிறது. முந்தைய மாதம் அங்கே அவன் பாட்டியை ஒரு காட்டெருமை துரத்தியிருந்தது. பெரிய ஆண் காட்டெருமை 1000 கிலோகூட இருக்கும். பீட்டர் மெக்கிராவும் கேலப் வாரனும் 2010-ல் முன்வைத்த கருத்து இங்கே பொருந்துகிறது. ஒன்று தப்பாகத் தோன்ற வேண்டும், அதே கணத்தில் அதனால் ஆபத்தில்லை என்றும் தோன்ற வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சிரிப்பில்லை. சென்னைப் பிள்ளைகளுக்கு என் காட்டெருமை ஒரு பொம்மை. அவனுக்கு அது பாட்டியின் கட்டுப்போட்ட முழங்கை. கூட்டம் கலைந்த பிறகு அவனிடம் பென்சிலைக் கொடுத்தேன். கடைக்காரருக்கும் மாட்டுக்கும் நடுவில், தரையிலிருந்து கூரை வரை, ஒரு கம்பிக் கதவு வரைந்தான். தாழ்ப்பாளும் போட்டான். பிறகு முதலிலிருந்து வாசிக்கச் சொன்னான். "மியாவ்" வந்தபோது மூக்கு வழியாகச் சிரித்தான்.

அதற்குள், விளக்கம் கேட்டுச் சிரிக்காத அந்த 6 வயதுச் சிறுமி ஒரு புதிர் தயாரித்துக்கொண்டு வந்து நின்றாள். "ஒரு மாட்டுக்கு அஞ்சு கால். எவ்வளவு வர்க்கி வாங்கும்?" இந்த வயதுப் புதிர்களில் வடிவம் இருக்கும், முடிச்சு இருக்காது, கேள்வி, நிறுத்தம், சிரிப்பு எல்லாம் வரிசையாக வரும், விடை மட்டும் எங்கோ போகும். எவ்வளவு என்று கேட்டேன். "இரண்டு!" என்று கத்திவிட்டு அவளே குலுங்கிச் சிரித்தாள்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "இரண்டு இல்லை, ஒன்றேகால்!" என்றான்.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒன்றே காலா? அப்புறம் மாடு எப்படி நிற்கும்?"