ஊறலில் விஷம் ஊறுவதில்லை

சென்ற மாதம் ஒரு விடியற்காலையில், ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவரை எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கி வந்தார்கள். முந்தைய நாள் மாலையிலிருந்தே கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் திரை விழுந்ததுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவரைப் பித்தம் என்று எண்ணி, மோர் கொடுத்துப் படுக்க வைத்திருக்கிறார்கள். 7.4-ஐ ஒட்டி இருக்க வேண்டிய இரத்தத்தின் பி.எச். அளவு 6.9-க்கு இறங்கியிருந்தது, அதாவது இரத்தத்தில் அமிலம் ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்தது. உடன் வந்த மைத்துனரோ என்னிடம் வாதாடிக்கொண்டிருந்தார்: "அது மலையில காய்ச்சின வெல்லச் சாராயம் சார், கலப்படமே கிடையாது. நானும்தான் குடிச்சேன், எனக்கு ஒண்ணும் ஆகலையே." அவரையும் பிடித்து உட்கார வைத்து இரத்தம் எடுத்தோம், அன்று மதியம் அவருக்கும் டயாலிசிஸ் செய்ய வேண்டியிருந்தது. இருவரும் பிழைத்தார்கள். முதலாமவருக்குப் பார்வை திரும்பவில்லை.

இந்த வாதத்தை நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. காய்ச்சத் தெரியாதவன் காய்ச்சினால் சாராயம் விஷமாகிவிடும், பக்குவம் தெரிந்தவன் காய்ச்சினால் பாதகமில்லை என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். செய்தித்தாள்களும் "விஷச்சாராயம் காய்ச்சியவர் கைது" என்று எழுதி இந்த நம்பிக்கைக்கு உரம் போடுகின்றன. ஆகவே, சலிப்போடுதான் என்றாலும், மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன். கண்ணைப் பறிக்கும் அந்த விஷத்தின் பெயர் மெத்தனால், தொழிற்சாலைகளில் பயன்படும் ஒரு வகைச் சாராயம்.

வெல்லத்தையும் வெள்வேலம்பட்டையையும் தண்ணீரில் போட்டுப் புளிக்க வைத்தால் கிடைப்பது ஊறல். சாராய ஆலையில், வெல்லத்துக்குப் பதிலாக, கரும்பிலிருந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸைத் தண்ணீர்விட்டு இளக்கி, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்க வைக்கிறார்கள். இரண்டிலும் ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று வெளிவிடுவது, குடிக்கிற சாராயத்தில் போதை தரும் எத்தனால்தான். புளிக்கும்போது மெத்தனால் உண்டாக வேண்டுமானால் பெக்டின் என்ற பசைப்பொருள் வேண்டும். அது பழத்தோலிலும் சதையிலும் நிறைய உண்டு, கரும்பில் மிகக் குறைவு. அப்படியே துளி மெத்தனால் உண்டானாலும், கூடவே இருக்கும் ஏராளமான எத்தனால் அதைக் கல்லீரல் உடைக்கவிடாமல் தடுத்துவிடுகிறது. கரும்பு ஊறலை எவ்வளவு மோசமாகக் காய்ச்சினாலும், ஒரு தெருவையே குருடாக்கும் அளவு மெத்தனால் அதிலிருந்து வராது. வந்திருக்கிறது என்றால், தொழிற்சாலைகளில் பெயிண்ட்டுக்கும் தின்னருக்கும் வைத்திருக்கும் பேரலிலிருந்து யாரோ கொண்டுவந்து ஊற்றியிருக்கிறார்கள் என்றே பொருள். 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்திலும், 2024 ஜூனில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் நடந்தது இதுதான். ஆகவே முதலில் இறங்கும் சாராயத்தைக் கீழே கொட்டிவிட்டேன், தீ வைத்துப் பார்த்தேன் நீலமாக எரிந்தது என்பனவெல்லாம் வெறும் ஆறுதல். மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். நாக்குக்கும் மூக்குக்கும் அது எத்தனாலைப் போலவே இருக்கும்.

கரும்புச் சாராயத்தில் நஞ்சு வெளியிலிருந்து வந்து சேர்வது இன்று நேற்று தொடங்கிய கதை அன்று. பதினேழாம் நூற்றாண்டில் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளின் உழைப்பில் எடுத்த சர்க்கரை கப்பலேறியபின் மிஞ்சிய பாகைக் காய்ச்சி ரம் எடுத்தார்கள். "பேய்கொல்லி" என்று பொருள்படும் பெயரில் அழைக்கப்பட்ட அந்த மலிவான சரக்கு அடிமைகளுக்கும் சிப்பாய்களுக்கும் மாலுமிகளுக்கும் படியாக அளக்கப்பட்டது. குடித்தவர்களுக்குத் தாங்க முடியாத வயிற்றுவலியும் கை கால் விழுந்துபோவதும் வந்தன. அதைத் தீவின் வெப்பத்தால் வரும் நோய் என்றே வெகுகாலம் நம்பினார்கள். வடித்த குழாயும் மூடியும் ஈயத்தால் ஆனவை என்பதுதான் காரணம். மாசசூசெட்ஸ் குடியேற்றம் 1723-லேயே சாராய வடிகலங்களில் ஈயத்தைத் தடைசெய்து சட்டம் போட்டுவிட்டது. ஆனாலும் ஜமைக்காவில் பட்டாளத்து மருத்துவராக இருந்த ஜான் ஹண்டர், ரம்மில் கலந்த ஈயமே அங்கு சிப்பாய்களின் வயிற்றுவலிக்குக் காரணம் என்று 1788-இல் எழுத வேண்டியிருந்தது. (சட்டம் வந்து அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் ஒரு மருத்துவர் அதையே எழுதியிருக்கிறார் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆறுதலும் வந்தது.)

நம் பக்கத்துக் கதையில் ஈயத்தின் இடத்தை வரி பிடித்துக்கொண்டது. நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனம் சர்க்கரை ஆலை தொடங்கியது 1842-இல். ஆலை பெருகப் பெருக மொலாசஸும் பெருகியது. மரத்துக்கு மரம் இறங்கும் கள்ளையும் ஊருக்கு ஊர் காயும் அடுப்பையும் கண்காணிப்பதைவிட, பூட்டுப் போட்ட ஒரே ஆலையில் அளந்து வரி வாங்குவது ஆங்கிலேய அரசுக்கு எளிதாக இருந்தது. 1886-ஆம் ஆண்டின் சென்னை அப்காரி என்ற மதுவரிச் சட்டத்தின்கீழ், உரிமம் இல்லாமல் காய்ச்சியதெல்லாம் குற்றமானது. இன்றும் கடையில் விற்கும் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருப்பதைப் பாருங்கள். லண்டன் புரூஃப் என்ற பழைய வரி அளவான 57.1-இல் கால் பங்கைக் கழித்தால் வருவது அந்த எண். நம் உடம்புக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

மருத்துவர்களுக்கு இதில் மிக முக்கியமான ஆண்டு 1855. தொழிற்சாலைகளுக்குப் போகும் எரிசாராயத்துக்கு வரிவிலக்குக் கொடுக்க விரும்பிய பிரிட்டன், அதை யாரும் குடித்துவிடக் கூடாது என்பதற்காக, மரத்தை வாட்டி எடுத்த மெத்தனால் சரக்கைப் பத்தில் ஒரு பங்கு அதில் கலக்கச் சட்டம் செய்தது. குடிக்கும் சாராயத்துக்கு வரி உண்டு, குடிக்கக் கூடாததற்கு இல்லை என்ற அந்த விலை வித்தியாசம் இங்கும் நிலைத்துவிட்டது. மதுவிலக்குக் காலத்தில் வார்னிஷ் குடித்துச் செத்தவர்களும், இன்று பாக்கெட் வாங்கிச் சாகிறவர்களும் அந்த வித்தியாசத்தில் லாபம் பார்க்கிறவனிடம் சிக்கியவர்கள். காய்ச்சுகிறவனின் கைப்பக்குவம் இங்கு ஒரு பொருட்டே இல்லை.

இனி நான் கேட்டுக்கொள்வது. மெத்தனால் உடனே கொல்வதில்லை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பன்னிரண்டு முதல் இருபத்துநான்கு மணி நேரம் வரை ஆகும். கூடவே பிராந்தி குடித்திருந்தால் இன்னும் தாமதமாகும். "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவருக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடக் குடித்த ஒருவருக்குக் கண் மங்கினாலோ, வயிறு பிசைந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ, அந்தப் பாக்கெட்டைத் தொட்ட அத்தனை பேரும் 108-இல் ஏறுங்கள். மோர் வேண்டாம், புளிக்கரைசல் வேண்டாம், வாய்க்குள் விரல் விட வேண்டாம். எத்தனால்தான் மாற்று மருந்து என்று எங்கோ படித்துவிட்டு வீட்டிலேயே பிராந்தி ஊற்றிக் கொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அதை நாங்கள் இரத்த அளவு பார்த்து, டயாலிசிஸ் எந்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொடுக்கிறோம்; அது நேரம் வாங்கித் தருமே ஒழிய உள்ளே போன மெத்தனாலை வெளியேற்றாது.

போலீஸ் வரும் என்ற பயத்தில்தான் பலர் இரவு முழுவதும் வீட்டிலேயே கிடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நாங்கள் காவல் நிலையத்துக்குத் தகவல் கொடுப்பது உண்மைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தத் தாளை எழுதி முடிக்கும்வரை யாருக்கும் ஊசி காத்திருப்பதில்லை. வீட்டுப் பெண்களிடம் மட்டும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன்: ஆத்திரத்தில் மிச்சப் பாக்கெட்டைச் சாக்கடையில் எறிந்துவிடாமல், முடிச்சுப் போட்டு ஒரு கவரில் வைத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வையுங்கள், அம்மா.